மூடியை இறுக்கிய பிறகும் அணையாத விளக்கு: காரின் பெட்ரோல் ஆவி அமைப்பில் பழுது தேடுதல்

காரின் முகப்பில் மஞ்சள் நிற இன்ஜின் விளக்கு எரிகிறது. பழுதுக் குறியீட்டைப் படிக்கும் ஸ்கேனரைச் செருகிப் பார்த்தால், பெட்ரோல் ஆவி கசிவதாகச் சொல்லும் பி0455 என்றோ பி0442 என்றோ ஒரு குறியீடு வருகிறது. இங்கே கலிஃபோர்னியாவில் நம்மவர்கள் கூடியிருக்கும் எந்த வாட்ஸப் குழுவில் இதைப் போட்டாலும், "பெட்ரோல் மூடியை இறுக்கிப் பாருங்கள்" என்ற பதில் ஐந்து நிமிடத்தில் வந்துவிடும். அதில் தவறில்லை. காசு செலவில்லாத வேலை என்பதால் முதலில் செய்ய வேண்டியதும் அதுவே. அதற்கு அடுத்த படியில்தான் பணம் கரையத் தொடங்குகிறது. மூடியில் தீராவிட்டால் பர்ஜ் வால்வு, அதிலும் தீராவிட்டால் வென்ட் வால்வு, கடைசியில் கரிப்பெட்டி என்று ஒவ்வொரு பாகமாக வாங்கி மாட்டி, ஒவ்வொரு முறையும் குறியீட்டை அழித்துவிட்டு, இரண்டு வாரம் கழித்து அதே விளக்கைப் பார்த்து நொந்துகொள்பவர்கள் பலர். இந்த அமைப்பில் குறியீடு சொல்வது, கார் தனக்குத்தானே நடத்திக்கொண்ட ஒரு சோதனையில் தோற்றுவிட்டது என்ற செய்தியை மட்டுமே. அந்தச் சோதனை எப்படி நடக்கிறது, எந்த நிலைமையில் நடக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் பாகத்தை மாற்றுவதைக் குருட்டு வேலை என்றே சொல்வேன்.

அமைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வெயிலில் நிற்கும் காரின் டேங்கில், இன்ஜின் ஓடாதபோதும் பெட்ரோல் ஆவியாகிக்கொண்டே இருக்கும். இத்தகைய ஹைட்ரோகார்பன் ஆவியும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் சூரிய ஒளியில் வினைபுரிந்து ஓசோனை உண்டாக்குகின்றன என்பதை, கால்டெக் எனப்படும் கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் இருந்த வேதியியலாளர் ஏரி ஹாகன்-ஸ்மிட் 1950களின் தொடக்கத்தில் லாஸ் ஏஞ்சலஸ் நகரின் புகைமூட்டத்தை ஆராய்ந்து காட்டினார். அந்த வழியில் வந்த விதிகளால் கலிஃபோர்னியாவில் 1970 மாடல் கார்களிலும், அமெரிக்கா முழுவதும் 1971 மாடல் கார்களிலும் ஆவிக் கட்டுப்பாடு இடம்பெற்றது. டேங்கிலிருந்து எழும் ஆவி ஒரு குழாய் வழியாகக் கிளர்வூட்டிய கரி நிரம்பிய பெட்டிக்குச் சென்று அங்கே தங்குகிறது. இன்ஜின் சூடேறி ஓடும்போது, கம்ப்யூட்டர் பர்ஜ் வால்வைத் திறந்து மூடித் திறந்து மூடி, இன்ஜினின் உறிஞ்சு விசையால் அந்த ஆவியை உள்ளே இழுத்து எரித்துவிடுகிறது. கரிப்பெட்டியின் மறுமுனையில் வெளிக்காற்று நுழைவதற்கு ஒரு வென்ட் வால்வு உண்டு. பர்ஜ் வால்வு மின்சாரம் இல்லாதபோது மூடியிருக்கும். வென்ட் வால்வு பெரும்பாலான கார்களில் மின்சாரம் இல்லாதபோது திறந்திருக்கும். டேங்கின் மேலோ கரிப்பெட்டிக்கு அருகிலோ ஓர் அழுத்த உணரி இருக்கும். தேட வேண்டியவற்றில் பெரும்பகுதி இவ்வளவுதான்; மற்றவை குழாய்களும், இணைப்புகளில் கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையங்களும்.

1996 முதல் அமெரிக்காவில் விற்கும் கார்களுக்கு, கார் தன் பழுதுகளைத் தானே கண்காணிக்கும் ஓபிடி-2 அமைப்பு கட்டாயமானபோது, இந்த அமைப்பில் கசிவு இருக்கிறதா என்பதைக் காரே கண்டுபிடிக்க வேண்டும் என்ற விதியும் படிப்படியாக வந்தது. தொடக்கத்தில் ஒரு மில்லிமீட்டர் விட்டமுள்ள துளை அளவுக்குக் கசிவு இருந்தால் சொல்ல வேண்டும் என்றிருந்தது. 2000 வாக்கில் அது அரை மில்லிமீட்டராகச் சுருங்கியது. டேங்க், நிரப்புக் குழாய், கரிப்பெட்டி, மீட்டர் கணக்கில் ஓடும் குழாய்கள் எல்லாவற்றையும் சேர்த்து, எங்கோ ஓரிடத்தில் தையல் ஊசி குத்திய அளவுக்கு ஒரு துளை இருந்தால் கார் அதைக் கண்டுகொள்ள வேண்டும். இதைக் கேட்டதிலிருந்து, விளக்கு எரியும்போது எரிச்சல்படுவதை விட, எரியாமல் இருக்கும் நாட்களில் வியப்பதுதான் பொருத்தம் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

சோதிக்கும் முறை ஒவ்வொரு தயாரிப்பாளருக்கும் வேறுபடும். பழைய முறையில், இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது கம்ப்யூட்டர் வென்ட் வால்வை மூடிவிட்டு, பர்ஜ் வால்வைத் திறந்து, டேங்கில் சிறிதளவு வெற்றிடத்தை உண்டாக்குகிறது. பிறகு பர்ஜையும் மூடிவிட்டு, அந்த வெற்றிடம் எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்று பார்க்கிறது. இரண்டாவது முறையில் இன்ஜின் நின்ற பிறகு சோதனை தொடங்குகிறது. சூடான டேங்க் குளிரும்போது அடைபட்ட ஆவி சுருங்கித் தானாகவே வெற்றிடம் உண்டாக வேண்டும். உண்டாகவில்லை என்றால் எங்கோ காற்று நுழைகிறது என்று பொருள். ஜெனரல் மோட்டர்ஸ் கார்கள் பலவற்றில் இந்த முறை உண்டு. மூன்றாவதாக, டொயோட்டா போன்றவை கரிப்பெட்டியோடு ஒரு சிறிய மின்பம்பை வைத்து, காரை நிறுத்திப் பல மணி நேரம் கழித்து, பெரும்பாலும் ஐந்து மணி நேரத்துக்குப் பிறகு, கம்ப்யூட்டரை எழுப்பிச் சோதிக்கின்றன. நள்ளிரவில் கார் நிறுத்துமிடத்தில் யாரும் தொடாத காரிலிருந்து மெல்லிய முனகல் சத்தம் வருகிறது என்று பயந்துபோய் என்னிடம் கேட்டவர்கள் உண்டு. அவர்களிடம் இதைத்தான் விளக்குவேன்.

உங்கள் கார் இந்த மூன்றில் எந்த வகை என்று தெரிந்துகொண்டால், குறியீட்டின் பொருளே மாறிவிடும். பி0455 என்பதற்குப் 'பெரிய கசிவு' என்று விளக்கம் எழுதியிருப்பார்கள். வெற்றிடம் இழுத்துப் பார்க்கும் காரில் அதன் உண்மையான பொருள், 'நான் இழுத்தேன், டேங்கில் அழுத்தம் இறங்கவில்லை' என்பதே. பெரிய ஓட்டை இருந்தாலும் இறங்காது. மூடி திறந்து கிடந்தாலும் இறங்காது. பர்ஜ் வால்வே திறக்காமல் அடைத்துக்கொண்டிருந்தாலும், இடையிலுள்ள குழாய் நசுங்கியிருந்தாலும், வென்ட் வால்வு மூட மறுத்தாலும் இறங்காது. அழுத்த உணரி பொய் சொன்னாலும் இறங்கியது போலத் தெரியாது. ஆகவே 'கசிவு' என்ற சொல்லை நம்பிப் புகை இயந்திரத்தைத் தேடி ஓடுவதற்கு முன், வெற்றிடம் டேங்கை எட்டுகிறதா என்பதைப் பார்த்துவிட வேண்டும்.

எங்கள் வீட்டுப் பழைய செடானில் நடந்தது இதற்குப் பொருத்தமான உதாரணம். பி0455 வந்தது, மூடி நன்றாகவே இருந்தது. ஒரு பணிமனையில் குறியீட்டை மட்டும் படித்துவிட்டு, கரிப்பெட்டியை மாற்ற வேண்டும் என்று பெரிய தொகை எழுதிக் கொடுத்தார்கள். ஏன் என்று கேட்டதற்கு, இந்த மாடலில் வழக்கமாக அதுதான் போகும் என்ற பதில்தான் கிடைத்தது. வால்வுகளுக்கு நேரடியாகக் கட்டளை கொடுக்கக்கூடிய ஸ்கேனர் ஒன்று என்னிடம் இருந்ததால், இன்ஜினை ஐடிலில் ஓடவிட்டு, வென்ட் வால்வை மூடச் சொல்லி, பர்ஜ் வால்வைத் திறக்கச் சொன்னேன். டேங்க் அழுத்த அளவு அசையவே இல்லை. பர்ஜ் வால்வில் கரிப்பெட்டிப் பக்கத்துக் குழாயைக் கழற்றி விரலை வைத்தேன், இழுப்பு இல்லை. இன்ஜின் பக்கத்துக் குழாயில் நல்ல இழுப்பு இருந்தது. வால்வு ஒவ்வொரு கட்டளைக்கும் 'டிக் டிக்' என்று சத்தம் போட்டது, அதன் உள்ளிருக்கும் மின்காந்தச் சுருளின் மின்தடையும் சரியாக இருந்தது. இந்தச் சத்தத்தைக் கேட்டதும் வால்வு நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டுபவர்கள் அதிகம். உள்ளே இருக்கும் முள் நகர்கிறது என்பதற்கு மேல் அந்தச் சத்தம் எதையும் நிரூபிப்பதில்லை. காற்று போகிறதா என்பது தனிக் கேள்வி. வால்வைக் கழற்றித் தட்டியபோது கறுப்புத் தூள் கொட்டியது.

அந்தத் தூள் கரிப்பெட்டிக்குள்ளிருந்து வந்தது. உள்ளேயிருக்கும் கரி மணிகளைத் தாங்கும் வடிகட்டி கிழிந்துவிட்டால் மணிகள் பொடிந்து குழாய் வழியே முன்னால் வந்துவிடும். ஆக, அந்தப் பணிமனை சொன்ன கரிப்பெட்டியையும் மாற்றத்தான் வேண்டியிருந்தது. ஆனால் அவர்கள் சொன்னபடி அதை மட்டும் மாற்றியிருந்தால், அடைபட்ட பர்ஜ் வால்வும் தூள் நிரம்பிய குழாயும் அப்படியே இருந்து, அதே குறியீடு திரும்பி வந்திருக்கும். புதிய பர்ஜ் வால்வை மட்டும் போட்டிருந்தாலோ, சில மாதங்களில் அதுவும் அடைத்திருக்கும். குழாயைக் காற்றால் ஊதிச் சுத்தம் செய்து, இரண்டையும் சேர்த்து மாற்றிய பிறகுதான் வேலை முடிந்தது. ஊதுவதற்கு முன் குழாயின் இரு முனைகளையும் கழற்றிவிட வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் தூள் டேங்குக்குப் போய்ச் சேரும்.

கரி மணிகள் கெடுவதற்கு முக்கியக் காரணம், பெட்ரோல் பங்க்கின் குழாய் தானாக நின்ற பிறகும் 'இன்னும் கொஞ்சம்' என்று அமுக்கி நிரப்புவது. டேங்கின் மேற்பகுதி ஆவிக்காக விடப்பட்ட இடம். அது நிறைந்ததும் திரவப் பெட்ரோல் ஆவிக் குழாய் வழியாகக் கரிப்பெட்டிக்குள் இறங்கிவிடும். ஆவியைப் பிடிப்பதற்கான கரி, திரவத்தில் ஊறிப் போனால் பிறகு தேறுவது கடினம். 1998 மாடல் முதல் அமெரிக்கக் கார்களில் படிப்படியாக வந்த விதியின்படி, நிரப்பும்போது எழும் ஆவியையும் காரே வாங்கிக்கொள்ள வேண்டும் என்பதால், இங்குள்ள கரிப்பெட்டிகள் பெரியவை, விலையும் அதிகம். இரண்டு டாலர் பெட்ரோலுக்காக அமுக்குபவர்களை நான் தடுப்பதில்லை. அவர்களுடைய காரைப் பார்க்க என்னைக் கூப்பிடும்போது மட்டும் இதை நினைவூட்டுவேன்.

மிகச் சிறிய கசிவைச் சொல்லும் பி0456 வேறு வகைத் தலைவலி. அரை மில்லிமீட்டர் துளையைக் கண்ணால் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. இங்கேதான் புகை இயந்திரம் தேவைப்படுகிறது. அது கனிம எண்ணெயைச் சூடாக்கி எழும் புகையை மிகக் குறைந்த அழுத்தத்தில் அமைப்புக்குள் செலுத்தும். அரை பிஎஸ்ஐக்கு மேல் போகக் கூடாது. ஒரு பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு ஒரு பவுண்டு) என்பது ஏறக்குறைய 28 அங்குல உயர நீர் தரும் அழுத்தத்துக்குச் சமம்; இந்த அமைப்பின் உணரிகளும் வளையங்களும் சில அங்குல நீர்மட்ட அழுத்தத்தில் வேலை செய்பவை. டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரஸரை இதில் இணைப்பவர் பழுதைக் கண்டுபிடிப்பதற்குப் பதிலாகப் புதிய பழுதை உண்டாக்குவார். அதை விட முக்கியமானது, பெட்ரோல் ஆவி நிறைந்த டேங்குக்குள் காற்றைச் செலுத்துவது எரியக்கூடிய கலவையை உண்டாக்கும் என்பது. அதனால்தான் நல்ல பணிமனைகளில் நைட்ரஜனையோ கார்பன் டை ஆக்சைடையோ பயன்படுத்துகிறார்கள். பெயின்ட் டப்பாவும் சூடேற்றும் கம்பியும் வைத்து வீட்டிலேயே புகை இயந்திரம் செய்யும் காணொளிகள் நிறைய உண்டு. இன்ஜினின் காற்று உறிஞ்சு குழாயில் கசிவு தேட அவை போதும், பெட்ரோல் டேங்கின் அருகே அவற்றைக் கொண்டு போகாதீர்கள்.

புகை விடும்போது அடிக்கடி நழுவும் விவரம், வென்ட் வால்வை மூட வேண்டும் என்பது. மின்சாரம் இல்லாதபோது அது திறந்தே இருப்பதால், ஸ்கேனரால் மூடச் சொல்லாமல் புகை விட்டால், எல்லாப் புகையும் அதன் வழியாகவே அழகாக வெளியேறி, பழுது அங்கேதான் என்று நினைக்க வைத்துவிடும். மூடிய பிறகு, புகை தெரிகிறதா என்று பார்ப்பதை விட இயந்திரத்திலுள்ள ஓட்ட அளவியைப் பார்ப்பது நல்லது. அரை மில்லிமீட்டர் துளையுள்ள அளவுத் தகடு இயந்திரத்தோடு வரும்; அதில் எவ்வளவு ஓட்டம் காட்டுகிறதோ, அதற்குக் குறைவாகக் கார் காட்டினால் அமைப்பு இறுக்கமாக இருக்கிறது என்று பொருள். கசிவு இருந்தால் நான் முதலில் பார்க்கும் இடங்கள் மூடியின் ரப்பர் வளையம், நிரப்புக் குழாய், டேங்கின் மேல் பெட்ரோல் பம்ப் உட்காரும் இடத்து வளையம் ஆகியவை. பனிக்காலத்தில் சாலையில் உப்புத் தூவும் மிஷிகன், நியூயார்க் போன்ற மாநிலங்களில் ஓடிய கார்களில் இரும்பு நிரப்புக் குழாய் சக்கரத்தின் மறைவில் துருப்பிடித்துப் பொத்துப் போயிருக்கும். பின்சீட்டை எடுத்துவிட்டுப் பம்பை மாற்றியவர் பழைய வளையத்தையே மறுபடி வைத்து மூடியிருந்தால், அதுவும் இதே குறியீட்டைக் கொண்டு வரும்.

புகையில் எதுவும் அகப்படாத கார்களும் உண்டு. நண்பர் ஒருவரின் கார் இன்ஜின் நின்ற பிறகு சோதிக்கும் வகை. பி0456 வந்து வந்து போனது. ஒரு பணிமனையில் புகை விட்டுப் பார்த்து, கசிவே இல்லை என்று சொல்லி அனுப்பினார்கள். வெளியே புகை வரவில்லை என்பது உண்மைதான். ஆனால் முழுவதும் மூடாத பர்ஜ் வால்வு வழியாகக் கசிந்தால், புகை இன்ஜினின் உறிஞ்சு குழாய்க்குள் போய்விடும்; அங்கே யாரும் பார்ப்பதில்லை. வால்வைக் கழற்றிக் கையால் இயக்கும் வெற்றிடப் பம்பை மாட்டினோம். மின்சாரம் இல்லாத வால்வு இழுத்த வெற்றிடத்தை அப்படியே பிடித்து வைத்திருக்க வேண்டும். ஆனால் பம்பின் அளவி முள் மெதுவாக இறங்கிக்கொண்டே இருந்தது. வால்வை மாற்றியதோடு பிரச்சினை முடிந்தது. வந்து வந்து போகும் குறியீடாக இருந்தால் ஃப்ரீஸ் ஃப்ரேம் பதிவையும் தவறாமல் பாருங்கள். குறியீடு விழுந்தபோது டேங்கில் எவ்வளவு பெட்ரோல் இருந்தது, வெளி வெப்பநிலை என்ன என்பவை அதில் இருக்கும். குளிர்ந்த காலையில் மட்டும் விழும் குறியீட்டை வெயில் மதியத்தில் தேடினால், குளிரில் விறைக்கும் வளையம் அப்போது ஒழுங்காகவே உட்கார்ந்திருக்கும்.

பர்ஜ் வால்வு திறந்தபடியே சிக்கிக்கொண்டால், குறியீடு வருவதற்கு முன்பே ஓர் அடையாளம் தெரியும்: பெட்ரோல் நிரப்பிய உடனே கார் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும். நிரப்பும்போது எழுந்த ஆவியெல்லாம் நேராக இன்ஜினுக்குள் போய்க் கலவை மிகச் செறிந்துவிடுவதுதான் காரணம். ஆக்ஸிலரேட்டரை அழுத்திக்கொண்டு ஸ்டார்ட் செய்தால் ஓடும். சற்று நேரம் நடுங்கிவிட்டுச் சீராகும். பர்ஜ் ஓட்டம் அளவுக்கு மீறியிருப்பதாகச் சொல்லும் பி0496 வந்தால் இதையே உறுதிப்படுத்துகிறது. நிரப்பும்போது பம்ப் குழாய் திரும்பத் திரும்ப நின்றுவிடுகிறது என்றால், வென்ட் பக்கம் அடைத்திருக்கிறது. உள்ளேயிருக்கும் காற்று வெளியேற வழியில்லாமல் பெட்ரோல் திரும்பி எழும்புகிறது. மண், தூசு, சிலந்தி வலை மூன்றும் அங்கே வழக்கமான குற்றவாளிகள். சிலந்தி என்பது வேடிக்கைக்குச் சொன்னதல்ல. மஸ்டா நிறுவனம் 2011இலும், மீண்டும் 2014இலும், மஸ்டா6 கார்களை ஆயிரக்கணக்கில் திரும்ப அழைத்ததற்குக் காரணமே, வென்ட் குழாய்க்குள் ஒரு வகை மஞ்சள் சிலந்தி வலை கட்டி அடைத்தது. அடைத்த நிலையில் பர்ஜ் இழுத்துக்கொண்டே இருந்தால் டேங்கில் வெற்றிடம் கூடி, டேங்கே விரிசல் விடக்கூடும்.

பழுது தீர்ந்த பிறகும் கலிஃபோர்னியாவில் ஒரு வேலை பாக்கி இருக்கும். வாகனப் புகையைச் சோதிக்கும் ஸ்மாக் சோதனைக்குப் போகும் நாளில் குறியீட்டை அழித்துவிட்டுப் போகலாம் என்று நினைப்பவர்களுக்கு, அழித்ததும் காரின் சுயசோதனைகள் அனைத்தும் 'முடியவில்லை' என்ற நிலைக்குத் திரும்பிவிடும், சோதனை நிலையத்தின் கணினி அதைப் படித்துவிடும் என்பது தெரிவதில்லை. ஆனால் 2000 மாடலும் அதற்குப் பிந்தியதுமான பெட்ரோல் கார்களுக்கு ஒரு சலுகை உண்டு: மற்றவை எல்லாம் முடிந்து, ஆவி அமைப்பின் சோதனை மட்டும் முடியாமல் இருந்தால் ஏற்றுக்கொள்வார்கள். இந்தச் சோதனை முடிவதற்கு எவ்வளவு காலம் பிடிக்கும் என்பது விதி எழுதியவர்களுக்கும் தெரிந்திருக்கிறது. பெரும்பாலான கார்களில் டேங்க் ஏறக்குறைய 15 முதல் 85 விழுக்காடு வரை நிரம்பியிருக்க வேண்டும், இரவு முழுவதும் நின்று இன்ஜின் ஆறியிருக்க வேண்டும், வெளி வெப்பநிலையும் மிதமாக இருக்க வேண்டும். அரை டேங்க் பெட்ரோலோடு சில நாட்கள் இயல்பாக ஓட்டுவதை விடச் சிறந்த வழி இல்லை. பழுது நீங்கியதை உறுதி செய்ய டேங்கை முழுவதும் நிரப்பிக்கொண்டு நெடுஞ்சாலையில் ஓட்டுபவருக்குச் சோதனையே தொடங்காது.

இவற்றைப் படித்துவிட்டு மதுரையிலிருக்கும் என் சித்தப்பா மகன், அவனுடைய காரில் பி0455 ஏன் ஒருபோதும் வருவதில்லை என்று கேட்டான். வாகனப் புகையைக் கட்டுப்படுத்தும் இந்தியாவின் பாரத் ஸ்டேஜ் விதிகள் ஐரோப்பிய விதிகளைப் பின்பற்றுபவை. 2020 ஏப்ரலில் வந்த பிஎஸ்6இலும் அப்படியே. ஐரோப்பிய முறையில் பர்ஜ் வால்வின் மின்சுற்று அறுபடாமல் இருக்கிறதா என்பதைக் கண்காணித்தாலே போதும். அமெரிக்காவைப் போல அரை மில்லிமீட்டர் கசிவைக் காரே தேட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. எனவே அங்கே வரக்கூடியவை பெரும்பாலும் பி0443, பி0444, பி0458, பி0459 என்ற மின்சுற்றுக் குறியீடுகள்; அவற்றுக்கு மூடியை இறுக்குவதால் எந்தப் பயனும் இல்லை. கனெக்டரையும் வயரையும் எலி கடித்திருக்கிறதா என்பதையும் பார்த்துவிட்டுச் சுருளின் மின்தடையை அளக்க வேண்டும். வால்வு திறந்தபடி சிக்கினால் மின்சுற்றில் குறை இருக்காது என்பதால் குறியீடு வராமலே போகலாம். நிரப்பிய பிறகு ஸ்டார்ட் ஆகத் திணறுவதும், ஐடிலில் நடுங்குவதும், சில சமயம் கலவை செறிந்திருப்பதாகச் சொல்லும் பி0172உம் மட்டுமே தடயங்கள். கரிப்பெட்டிப் பக்கத்துக் குழாயைப் பர்ஜ் வால்விலிருந்து கழற்றி, இன்ஜின் ஆறிய நிலையில் ஸ்டார்ட் செய்த உடனே வால்வின் வாயில் விரலை வைத்துப் பார்க்கச் சொன்னேன். கம்ப்யூட்டர் பர்ஜ் செய்யத் தொடங்காத அந்த நேரத்தில் இழுப்பு இருக்கக் கூடாது. இருந்தது.